ஆர்க்கிட் பூக்க எப்போது, எப்படி உரம் கொடுப்பது? கொங்குப் பகுதிக்கான கேள்வி பதில்

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, தாராபுரம், நாமக்கல், கரூர் பக்கம் வீட்டு மாடியிலோ தோட்டத்து நிழல்வலைக்குக் கீழோ ஆர்க்கிட் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே உள்ளன. டென்ட்ரோபியம், ஃபெலனாப்சிஸ், வாண்டா, மொக்காரா என்று வருபவை எல்லாம் ஆர்க்கிட் வகைகள். தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் அளவு "ஒரு லிட்டர் தண்ணீருக்கு இத்தனை கிராம்" என்றே கொள்ளுங்கள். வால்பாறை, ஏற்காடு, கோத்தகிரி போன்ற மலை ஊர்களின் கணக்கு வேறு. அது தேவைப்படும் இடத்தில் தனியாக வரும்.

டென்ட்ரோபியம் தழைதழையா வளருதுங்க, பூ மட்டும் வரமாட்டேங்குது. என்ன உரம் வெச்சா பூக்கும்?

உரக்கடைக்குப் போவதற்கு முன் இலையின் நிறத்தைப் பாருங்கள். இலை கரும்பச்சையாக, நீண்டு, தொங்கலாக இருந்தால் செடிக்கு வெளிச்சம் போதவில்லை, தழைச்சத்து அதிகம் என்று பொருள். நன்றாகப் பூக்கும் டென்ட்ரோபியத்தின் இலை இளம்பச்சையாக, லேசாக மஞ்சள் ஓடியதுபோல், விறைப்பாக இருக்கும். சிலர் அதைச் சத்துக் குறைவு என்று நினைத்து மேலும் உரம் வைக்கிறார்கள், பூ இன்னும் தள்ளிப்போகிறது.

பூ வருமா வராதா என்பதை முதலில் முடிவு செய்வது வெளிச்சமும் தண்டின் முதிர்ச்சியும். ஃபெலனாப்சிஸுக்கு இவற்றோடு இரவுக் குளிரும் வேண்டும். எத்தனை பூ, கொத்து எவ்வளவு நீளம், அடுத்த தண்டு எவ்வளவு தடிமன் என்பதில்தான் உரத்தின் பங்கு வருகிறது. டென்ட்ரோபியத்துக்கு 50 சதவீத நிழல்வலை சரி. வாண்டா, மொக்காராவுக்கு 30 முதல் 50 வரை போதும். ஃபெலனாப்சிஸுக்கு 75 வேண்டும். தென்னை மரத்தடியில், அதுவும் சுவரோரமாக, 75 சதவீத வலைக்குக் கீழே வைத்த டென்ட்ரோபியத்துக்கு எந்த உரம் வாங்கிப் போட்டாலும் இலைதான் கிடைக்கும்.

இன்னொன்று: இலை உதிர்ந்த பழைய தண்டைக் காய்ந்துவிட்டது என்று வெட்டாதீர்கள். தண்டு சுருங்காமல் கெட்டியாக இருந்தால் அதன் மேல்கணுவிலிருந்து இன்னொரு கொத்து வரலாம். புதுக் கன்றுக்கு அதுதான் சேமிப்புக் கிடங்கும்கூட.

போர் தண்ணில உரம் கலந்து ஊத்தலாமுங்களா?

கொங்குச் சமவெளியில் ஆர்க்கிட் தோற்கும் இடம் பெரும்பாலும் இதுதான், ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

நாம் வளர்க்கும் ஆர்க்கிட் பெரும்பாலும் மரத்தின் மேல் தொற்றி வளரும் செடி. காட்டில் அதன் வேருக்குக் கிடைப்பது மழைத் தண்ணீர். அதில் கரைந்த உப்பு அனேகமாக ஒன்றும் இருக்காது. நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்பின் மொத்த அளவு, 1000 பி.பி.எம்.-ஐ (லிட்டருக்கு 1000 மில்லிகிராம்) தாண்டுவது சாதாரணம். அந்தத் தண்ணீரில் அரை கிராம் உரத்தைக் கரைத்தால் இன்னொரு 500 சேர்ந்து வேருக்குப் போகும் மொத்த உப்பு 1500 ஆகிறது. அதே அரை கிராமை 150 உள்ள தண்ணீரில் கரைத்தால் 650-தான். இரண்டிலும் உரம் ஒன்றே. ஆனால் முதல் செடியின் வேர்நுனி கருகுகிறது, இரண்டாவது பூக்கிறது.

ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கி முதலில் உங்கள் தண்ணீரை அளந்துவிடுங்கள். 200-க்குள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். 200 முதல் 400 வரை இருந்தால் உர அளவைக் குறைத்து, மாதம் இருமுறை வெறும் தண்ணீரில் அலசினால் ஓட்டிவிடலாம். 500-க்கு மேல் போனால் அதில் உரம் கலக்காதீர்கள். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகள் கொடுத்துவைத்தவை. அது மிக மென்மையான தண்ணீர். அத்திக்கடவுத் தண்ணீர் வரும் வீடுகளிலும் பிரச்சனை குறைவு. நாள்கணக்கில் ஒருமுறை வரும் ஊர்களில் நல்ல தண்ணியை ஒரு டிரம்மில் தனியாகப் பிடித்து வையுங்கள். குளோரின் வாடை அடித்தால் ஒரு இரவு திறந்து வைத்தால் போதும்.

இரண்டும் இல்லாத இடங்களில் மழைத் தண்ணீரைப் பிடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மாடிக் குழாயின் வாயில் முதல் பத்து நிமிடத் தண்ணீரை விட்டுவிட்டு அடுத்ததை 200 லிட்டர் டிரம்மில் பிடித்து மூடி வைத்தால், 15, 20 செடிக்கு உரம் கரைக்க மட்டும் பல மாதம் வரும். அதுவும் தீர்ந்தால் ஆர்.ஓ. தண்ணீர். வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுக் குழாயில் வருவதை மட்டும் எடுக்காதீர்கள். பிரித்தெடுத்த உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. "வீணாகாம செடிக்கு ஊத்துறோம்" என்று நல்ல எண்ணத்தில் செய்து ஆர்க்கிட்டைக் கொன்றவர்கள் நிறைய. குடிக்க வரும் தண்ணீரை எடுங்கள். முழுக்க ஆர்.ஓ. கட்டுப்படியாகாது என்றால், 1200 உள்ள போர் தண்ணீர் ஒரு பங்கும் 50 உள்ள ஆர்.ஓ. தண்ணீர் நான்கு பங்கும் கலந்தால் 280 வரும். அது சமாளிக்கக்கூடிய அளவு.

எந்தெந்த உரம் வாங்கி வைக்கணும்?

நான்கு டப்பா போதும். 19:19:19 ஒன்று (மூன்று எண்களும் வரிசையாகத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவற்றின் சதவீதம்). கால்சியம் நைட்ரேட் ஒன்று. பொட்டாசியம் நைட்ரேட், அதாவது 13:0:45, ஒன்று. மக்னீசியம் சல்பேட் ஒன்று. இவை எல்லாம் சொட்டுநீர் விவசாயிகள் வாங்கும் நீரில் கரையும் உரங்கள்தான். எந்த உரக்கடையிலும் கிலோப் பையில் கிடைக்கும். "ஆர்க்கிட் ஸ்பெஷல்" என்று சின்ன டப்பாவில் வருவதில் பெரும்பாலும் இவையேதான் இருக்கும். கூட, சீலேட் செய்த (செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவிலுள்ள) இரும்பு, துத்தநாகம் போன்ற நுண்ணூட்டக் கலவை ஒரு சின்னப் பாக்கெட்.

19:19:19 பாக்கெட்டின் பின்புறத்தைப் படியுங்கள். அதிலுள்ள தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா வடிவில் இருப்பது வழக்கம். மண்ணில் நுண்ணுயிரிகள் அதை மாற்றிக் கொடுத்துவிடும். கரியும் ஓட்டுச் சில்லும் போட்ட தொட்டியில் அந்த வேலை மெதுவாகத்தான் நடக்கும். அதனால்தான் 19:19:19-ஐ மட்டும் நம்பாமல், நைட்ரேட் வடிவில் தழைச்சத்து தரும் கால்சியம் நைட்ரேட்டையும் 13:0:45-ஐயும் மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொல்கிறோம். யூரியா டி.டி.எஸ். மீட்டரில் தெரியாது என்பதையும் மனதில் வையுங்கள். மீட்டர் காட்டும் எண்ணை வைத்து "உரம் கம்மியா இருக்கு" என்று இன்னும் கொட்டிவிடக் கூடாது.

கால்சியம் நைட்ரேட்டை 19:19:19-உடனோ மக்னீசியம் சல்பேட்டுடனோ ஒரே வாளியில் கலக்காதீர்கள். கால்சியமும் மணிச்சத்தும் சேர்ந்தால் வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும். சல்பேட்டோடு சேர்ந்தால் ஜிப்சமாகும். இரண்டுமே செடிக்குக் கிடைக்காமல் போய்விடும். 13:0:45-உடன் மக்னீசியம் சல்பேட்டைச் சேர்க்கலாம், தொந்தரவு இல்லை. கால்சியம் நைட்ரேட் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து மழைக்காலத்தில் கூழாகிவிடும். இறுக மூடும் ஊறுகாய் ஜாடியில் போட்டு வையுங்கள்.

டிஏபி, யூரியா, 17:17:17 வீட்ல இருக்கு. அதையே கரைச்சு ஊத்தினா?

வேண்டாம். 17:17:17 குருணை முழுதாகக் கரையாது. டிஏபியில் அம்மோனியமும் மணிச்சத்தும் மட்டும்தான். யூரியா தனியாக ஆர்க்கிட்டுக்கு உதவாது. தென்னைக்கே இருக்கட்டும்.

அளவு சொல்லுங்க. ஒரு ஸ்பூன் போதுமா?

ஒரு ஸ்பூன் என்று ஒரு லிட்டருக்குப் போட்டால் செடி போய்விடும். தலை தட்டிய ஒரு தேக்கரண்டி 19:19:19 ஏறத்தாழ 5 கிராம். வளரும் காலத்தில் ஆர்க்கிட்டுக்கு வேண்டியது லிட்டருக்கு அரை கிராம். அதாவது ஒரு தேக்கரண்டி 10 லிட்டர் வாளிக்கு. அரை கிராம் 19:19:19 கரைத்தால் தழைச்சத்து 95 பி.பி.எம். வருகிறது. வாரம் ஒருமுறை கொடுக்க அது தாராளம்.

வணிகப் பண்ணைகளுக்கான பரிந்துரைகளில் 0.2 சதவீதம், அதாவது லிட்டருக்கு 2 கிராம், என்று பார்த்திருப்பீர்கள். அங்கே நல்ல தண்ணீர், தினமும் இரண்டு வேளை நீர்த்தெளிப்பு, மேலே ஃபாகர் (பனிபோல் நீர் தூவும் கருவி) எல்லாம் இருக்கும். ஒரு நாள் வைத்த உப்பு மறுநாள் அலசப்பட்டுவிடும். மாடியில் மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றும் வீட்டில் அந்த 2 கிராமை அப்படியே எடுத்தால் ஒரே கோடையில் வேர் முடிந்துவிடும். அளவு குறைவாக, அடிக்கடி. ஆர்க்கிட்டுக்கு அதுதான் வழி.

சின்ன அளவு நிறுப்பது சிரமம் என்றால் கரைசலாகப் போட்டு வையுங்கள். 100 கிராம் உரத்தை வெந்நீர் கொஞ்சம் விட்டுக் கரைத்து மொத்தம் 1 லிட்டர் ஆக்குங்கள். இதில் 5 மில்லி எடுத்தால் அரை கிராம். மருந்துக் கடை சிரிஞ்சு ஒன்று போதும். ஒவ்வொரு உரத்துக்கும் தனித்தனி பாட்டில், மேலே பேர் எழுதி, வெயில் படாத இடத்தில். மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

மாசம் முழுக்க எப்படி மாத்தி மாத்திக் கொடுக்கிறது?

மழைத் தண்ணீர், ஆர்.ஓ., சிறுவாணி பயன்படுத்துவோருக்கு வளர்ச்சிக் காலத்தில் இப்படி: முதல் வாரம் 19:19:19 அரை கிராம். இரண்டாம் வாரம் கால்சியம் நைட்ரேட் அரை கிராம். மூன்றாம் வாரம் 13:0:45 அரை கிராமோடு மக்னீசியம் சல்பேட் அரை கிராம். அதே கரைசலில் நுண்ணூட்டக் கலவை கால் கிராம். நான்காம் வாரம் உரம் இல்லை, அலசல் மட்டும்.

போர் தண்ணீர் கலந்து ஊற்றுவோர் கால்சியம் நைட்ரேட் வாரத்தை விட்டுவிடலாம். அந்தத் தண்ணீரிலேயே சுண்ணாம்பு வேண்டிய அளவு இருக்கிறது. மக்னீசியத்தை மட்டும் விடாதீர்கள்.

வாண்டாவுக்குத் தொட்டியும் இல்லை, தேங்காய் மட்டையும் இல்லை, சத்தைப் பிடித்து வைக்க ஒன்றுமில்லை. அதற்கு லிட்டருக்கு கால் கிராம் வீதம் வாரம் இருமுறை. ஆய்வகக் குப்பியிலிருந்து எடுத்து வைத்த சின்ன நாற்றுகளுக்கும் இதே கால் கிராம்.

உரத் தண்ணிய எப்படி ஊத்தணும்? இலையில அடிக்கணுமா, வேர்லயா?

வேரில். ஆர்க்கிட் இலையின் மேல்தோல் மெழுகு பூசியதுபோல் தடித்தது. இலை வழியாக உள்ளே போவது கொஞ்சம்தான். இலைமேல் அடிக்கும் தெளிப்பு வழிந்து வேருக்கு வருவதால்தான் பலன் தெரிகிறது. ஃபெலனாப்சிஸின் நடுக்குருத்தில் தண்ணீர் தங்கினால் இரண்டே நாளில் அழுகும்.

காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். கரைசலைத் தொட்டியின் மேல்பரப்பு முழுவதும் சுற்றி ஊற்றி, அடித்துளை வழியாக ஒழுகும்வரை விடுங்கள். ஒழுகியது அடித்தட்டில் நிற்கக் கூடாது. தட்டே வேண்டாம். ஒரு தொட்டியில் ஒழுகியதை அடுத்த தொட்டிக்கு ஊற்றுவதும் வேண்டாம், நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும்.

மாதாந்திர அலசலுக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல நான்கைந்து மடங்கு நல்ல தண்ணீர் வேண்டும். பாதியை ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, மீதியை ஊற்றுங்கள். முதல் தண்ணீர் ஒட்டியிருக்கும் உப்பைக் கரைக்கும், இரண்டாவது வெளியே தள்ளும். அடியில் ஒழுகுவதை மீட்டரில் பாருங்கள். ஊற்றிய தண்ணீரைவிட 200, 300 அதிகமாகக் காட்டினால் இன்னொரு முறை அலசுங்கள்.

உரத்துக்கு முன்னாடி வெறும் தண்ணி ஊத்தணும்னு சொல்றாங்களே?

இது எப்போதும் ஒரே பதில் உள்ள கேள்வி இல்லை. ஆர்க்கிட் வேரைச் சுற்றிப் பஞ்சுபோல் ஒரு உறை உண்டு. காய்ந்திருக்கும்போது வெள்ளிநிறம், நனைந்தால் பச்சை. காய்ந்த பஞ்சு முதலில் படும் தண்ணீரைத்தான் இழுத்துக்கொள்ளும். ஏற்கனவே நிறைந்துவிட்டால் அடுத்து வருவதில் கொஞ்சம்தான் ஏறும். ஆகவே கால், அரை கிராம் அளவில் கொடுக்கும்போது, குறிப்பாக வாண்டாவுக்கு, வெள்ளி வேரின்மேல் நேரடியாகவே உரத்தண்ணீர் விடுவது நல்லது. தொட்டி பல நாள் காய்ந்து கிடந்திருந்தாலோ, வெயில் 36 டிகிரியைத் தாண்டிய நாளானாலோ, கரைசல் ஒரு கிராமுக்குப் பக்கத்தில் இருந்தாலோ, முதலில் நனைத்துவிட்டு அரைமணி கழித்து ஊற்றுங்கள். அப்போது காய்ந்த மட்டையில் ஏற்கனவே உப்பு செறிந்திருக்கும்.

நம்ம ஊர் சீசனுக்கு எப்ப கூட்டணும், எப்ப கொறைக்கணும்?

மாசி, பங்குனியில் டென்ட்ரோபியத்தின் அடியில் புதுக்கன்று முளைக்கும். கன்று இரண்டு விரல்கடை உயரம் வந்து, அதன் அடியில் புதுவேர் பச்சைநுனியோடு தெரியும்போது உரத்தைத் தொடங்குங்கள். அதற்கு முன் ஊற்றினால் குடிக்க வேர் இல்லை.

சித்திரை, வைகாசியில் கரூர், ஈரோடு பக்கம் வெயில் 38, 40 டிகிரி போகும். செடி வளர்கிறதே என்று உரத்தைக் கூட்டாதீர்கள். ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் ஆவியாகி உப்பை மட்டும் வேரில் விட்டுவிட்டுப் போகும். அளவைப் பாதியாக்கி, தண்ணீரைக் கூட்டுங்கள்.

ஆனி முதல் ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வரும் காலம். பொள்ளாச்சி, ஆனைமலை, கோவையின் மேற்குப் பக்கம் தூறலும் ஈரமும் சேர்ந்து, ஆண்டில் செடி மிக நன்றாக வளரும் மாதங்கள் இவை. மேலே சொன்ன வாராந்திர முறையை முழு அளவில் கொடுங்கள். தாராபுரம், காங்கேயம், பல்லடம் பக்கம் அதே காற்று வறண்டு வீசும். ஆடிக்காற்றில் ஒரு மணி நேரத்தில் வேர் காய்ந்துவிடும். அங்கே காற்றுவரும் பக்கம் நிழல்வலையைத் தொங்கவிட்டுத் தடுத்த பிறகே உரத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

புரட்டாசியில் தண்டு முதிரத் தொடங்கும். 19:19:19 வாரத்தை விட்டுவிட்டு 13:0:45-ஐ மாதம் இருமுறை ஆக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தினமும் உரம் கழுவிப் போகும் என்று கவலைப்பட்டுக் கூட்ட வேண்டாம். மழை இரண்டு நாள் விட்டபோது ஒருமுறை கொடுத்தால் போதும். அந்த மாதங்களில் கவனிக்க வேண்டியது பூஞ்சாணம். மார்கழி, தையில் வளர்ச்சி மந்தமாகும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அரை கிராம்.

ஃபெலனாப்சிஸ் கடையில பூவோட வாங்கினது, அப்புறம் பூக்கவே இல்லை.

அதற்கு வேண்டியது குளிர்ந்த இரவு. இரவும் பகலும் 28 டிகிரிக்கு மேலேயே நின்றால் அது பூந்தண்டு விடாது. கோவைப் பக்கம் கார்த்திகை கடைசியிலிருந்து தை வரை இரவு 20 டிகிரியை ஒட்டி இறங்குகிறது. மூன்று நான்கு வாரம் அந்தக் குளிர் பட்டால் இலைக்கு அடியிலிருந்து தண்டு எட்டிப்பார்க்கும். ஆகவே வரவேற்பறையில் டி.வி.க்குப் பக்கத்தில் வைத்திருப்பதை அந்த மாதங்களில் மட்டும் வடக்குப் பார்த்த ஜன்னலோரமோ, பனி நேராக விழாத வராண்டாவிலோ வையுங்கள். தண்டு வந்த பிறகு பூ விரிய இன்னும் இரண்டரை, மூன்று மாதம் ஆகும்.

உரத்தைப் பொறுத்தவரை, ஆடி, ஆவணியில் ஓரிரண்டு புது இலை நன்கு விரிந்திருக்க வேண்டும். அதற்கான சாப்பாடுதான் முக்கியம். "பூக்கும் முன்னாடி உரத்தை நிறுத்தினால்தான் பூக்கும்" என்று ஒரு பேச்சு உண்டு. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் யின்-துங் வாங் 2000-இல் வெளியிட்ட ஃபெலனாப்சிஸ் ஆய்வில், சீக்கிரம் உரத்தை நிறுத்திய செடிகளில் பூ எண்ணிக்கை குறைந்தது. தண்டு வரும்போதும் அரை கிராமை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொடருங்கள்.

அப்ப 0:52:34 போட்டா பூ வரும்னு சொல்றது?

கத்தரிக்கும் ரோஜாவுக்கும் சொல்லும் யோசனை ஆர்க்கிட்டுக்கு அப்படியே வந்துவிட்டது. மேலே சொன்ன அதே ஆய்வில், மணிச்சத்து கூடிய உரத்துக்கு மாற்றியதால் பூப்பதில் எந்த மேம்பாடும் இல்லை. ஆர்க்கிட்டுக்கு மணிச்சத்து வேண்டியது கொஞ்சம்தான். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆர்க்கிட்டுக்காக உருவாக்கிய உரத்தின் விகிதமே 13:3:15 என்பதைக் கவனியுங்கள். நடு எண் எவ்வளவு சின்னது! 19:19:19-இல் வருவதே மிச்சம். மணிச்சத்தை மேலும் கொட்டினால் இரும்பும் துத்தநாகமும் செடிக்கு ஏறாமல் இளம் இலை வெளுக்கும். ஏற்கனவே பாக்கெட் வாங்கிவிட்டீர்கள் என்றால் மல்லிகைக்குப் போட்டுத் தீருங்கள்.

இயற்கை முறையில் செய்யலாமா? பஞ்சகவ்யா கொடுக்கலாமுங்களா?

கொடுக்கலாம். கொடுமுடி மருத்துவர் நடராஜன் விவசாயிகளிடம் பரப்பிய பஞ்சகவ்யாவுக்கு வயலில் தெளிக்கும் வழக்கமான அளவு 3 சதவீதம். ஆர்க்கிட்டுக்கு அதில் பாதிக்கும் கீழ், லிட்டருக்கு 10 மில்லி. மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். நெய்ப்பிசுக்கு தெளிப்பான் மூக்கை அடைப்பதோடு வேரின் பஞ்சுறையிலும் படியும். மாதம் ஒருமுறை, வேரில் மட்டும். மறுநாள் காலை வெறும் தண்ணீரால் கழுவுங்கள். அதிலுள்ள வெல்லம், வாழைப்பழத்தின் வாசனைக்கு எறும்பு வரும். எறும்பு வந்தால் பின்னாலேயே மாவுப்பூச்சி வரும்.

கடலைப் புண்ணாக்கு விரும்புவோர் 100 கிராமை ஒரு லிட்டரில் மூன்று நாள் ஊறவைத்து, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து இருபது மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றலாம். கசடைத் தொட்டியில் போட்டுவிட்டால் நத்தை தேடி வரும், மட்டை சீக்கிரம் மக்கும். மீன் அமிலம் லிட்டருக்கு 2 மில்லி. பூனை வளர்க்கும் வீடாக இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

இவற்றை மட்டும் நம்பி நல்ல கொத்து எடுப்பது கடினம் என்பதே எங்கள் கருத்து. மண் இல்லாத தொட்டியில் இவற்றை உடைத்துக் கொடுக்க நுண்ணுயிர்கள் குறைவு. உரத்தோடு துணையாக வைத்துக்கொள்ளலாம்.

அரிசி கழுவின தண்ணி, வெங்காயத் தோல், முட்டை ஓடு?

அரிசித் தண்ணீரில் மாவுதான் அதிகம், பூஞ்சாணத்துக்கு நல்ல தீனி. முட்டை ஓடு கரைய ஆண்டுக்கணக்காகும். வெங்காயத் தோல் ஊறவைத்த தண்ணீரால் கெடுதல் இல்லை, பலனும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

மெதுவாகக் கரையும் மணி உரம் போட்டுட்டா வாராவாரம் வேலை இல்லையே?

ஆஸ்மோகோட் போன்ற மணிகள் சூட்டைப் பொறுத்து உரத்தை விடுபவை. பாக்கெட்டில் மூன்று நான்கு மாதம் என்று போட்டிருப்பது 21 டிகிரி கணக்கில். நம் ஊர்க் கோடையில் அதே மணி மிக வேகமாகக் காலியாகும், அதாவது தேவையில்லாத நேரத்தில் மொத்தமாகக் கொட்டும். மலை ஊர்களில் நன்றாக வேலை செய்வது இதனால்தான். சமவெளியில் போடுவதென்றால் ஆனி மாதத்தில், ஐந்து அங்குலத் தொட்டிக்கு அரைத் தேக்கரண்டி, சின்ன வலைப்பையில் கட்டி மேலே வையுங்கள். வெயில் ஏறினால் பையோடு எடுத்துவிடலாம். சித்திரையில் போடவே வேண்டாம்.

பொள்ளாச்சி தேங்கா மட்டையில நட்டிருக்கோம். வேர் கருகுது, உரமே வைக்கலை.

பச்சை மட்டையில் சாம்பல்சத்தும் சோடியமும் நிறைய. துவர்ச்சாறும் உண்டு. உரமே இல்லாமலும் அது வேரைச் சுடும். மட்டையை ஓரங்குலத் துண்டுகளாக வெட்டி, மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு நாள் ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டுங்கள். பழுப்புச் சாயம் வெளுக்க வேண்டும். கடைசியாக 10 லிட்டருக்கு 50 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து ஓர் இரவு ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் அலசிவிட்டு நடுங்கள். கால்சியம் மட்டையில் ஒட்டியிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும். பாதி மட்டை, பாதி அடுப்புக்கரியும் ஓட்டுச் சில்லும் கலந்தால் நம் மழைக்கும் தாங்கும். இரண்டு ஆண்டுக்குள் மட்டை மக்கி உப்பைப் பிடித்துவைக்க ஆரம்பிக்கும். அப்போது மாற்றிவிடுங்கள்.

மாத்தி நட்டதும் உரம் கொடுக்கலாமா?

மூன்று, நான்கு வாரம் பொறுங்கள். புதுவேர் நுனி தெரிந்த பிறகு கால் கிராமில் தொடங்குங்கள். கூரியரில் தொட்டி, மட்டை இல்லாமல் வெறும் வேரோடு வந்த செடிக்கும் இதுவே.

உரம் அதிகமாயிடுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தொட்டி விளிம்பிலும் மட்டை மேலும் வெள்ளைப் பொருக்கு, வேர்நுனி பச்சைக்குப் பதில் கறுப்பு, முதிர்ந்த இலையின் நுனி பழுப்பாகிக் காய்வது. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் உப்புதான். உடனே தொட்டியோடு நல்ல தண்ணீரில் அரைமணி மூழ்கவைத்து, எடுத்து வடியவிட்டு, புதுத் தண்ணீரில் இன்னொரு முறை செய்யுங்கள். ஒரு மாதம் உரம் வேண்டாம். வேரை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் பிழைக்கும். உள்ளே நரம்பு மட்டும் மிஞ்சி மேல்தோல் கழன்றால் அதை வெட்டிவிட்டு மட்டையை மாற்றுங்கள்.

இலைநுனிக் கருகலிலும் வகை உண்டு. பழைய இலையில் இல்லாமல், புதிதாக வரும் இளம் இலையின் நுனி மட்டும் கறுத்தால் கால்சியம் குறைவு. மழைத் தண்ணீரில் 19:19:19 மட்டும் கொடுக்கும் வீடுகளில் வேகமாக வளரும் மாதங்களில் இதைப் பார்க்கலாம். அடி இலையில் நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மஞ்சளானால் மக்னீசியக் குறைவு. லிட்டருக்கு ஒரு கிராம் மக்னீசியம் சல்பேட், மாதம் ஒருமுறை. டென்ட்ரோபியத்தின் பழைய தண்டில் இலை மஞ்சளாகி உதிர்வது வயது, அதற்கு மருந்து தேட வேண்டாம்.

மொட்டு விரியாம கொட்டுது. உரம் பத்தலையா?

அநேகமாக இல்லை. மொட்டுள்ள செடியைத் திடீரென இடம் மாற்றுவது, வறண்ட காற்று, வேர் ஒருமுறை நன்றாகக் காய்ந்துபோவது ஆகியவையே காரணம். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயுவில் மொட்டு கொட்டும். வாழைத்தார் பழுக்க வைத்திருக்கும் அறையிலோ மாம்பழக் கூடைக்குப் பக்கத்திலோ ஆர்க்கிட் இருக்கக் கூடாது.

பூ இருக்கும்போது உரம் வைக்கலாமா?

டென்ட்ரோபியம், மொக்காரா, வாண்டாவுக்குத் தொடரலாம். பூத்துக்கொண்டே அடுத்த தண்டும் வேரும் விடுபவை அவை. ஃபெலனாப்சிஸுக்கு மாதம் ஒருமுறை போதும். எதற்கானாலும் பூவின்மேல் படவே கூடாது, புள்ளி விழும்.

ஊட்டி பூக்கண்காட்சிக்குப் போனப்ப வாங்கின சிம்பிடியம் மூணு வருசமா பூக்கலைங்க.

சிம்பிடியமும் நோபைல் வகை டென்ட்ரோபியமும் இரவுக் குளிரை நம்பிப் பூப்பவை. திருப்பூரிலோ ஈரோட்டிலோ உரத்தால் அதை ஈடுகட்ட முடியாது. கோத்தகிரி, வால்பாறை, ஏற்காட்டில் உறவினர் யாராவது இருந்தால் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். அங்கே நோபைலுக்குப் புரட்டாசிக் கடைசியோடு தழைச்சத்தை நிறுத்தி, தண்ணீரையும் குறைக்க வேண்டும். நிறுத்தாவிட்டால் பூ வர வேண்டிய கணுவில் குட்டிச்செடிதான் முளைக்கும்.

தோட்டத்து மாமரத்துல தானா வளர்ற ஆர்க்கிட்டுக்கும் உரம் வேணுமா?

சமவெளி மாமரத்தில் தானாகத் தெரிவது பெரும்பாலும் வாண்டா டெசல்லேட்டா. மரப்பட்டை வழியாக வழியும் மழைத் தண்ணீரில் கரைந்து வருவதே அதற்குப் போதும். வறண்ட ஆண்டில் மட்டும், ஆனி ஆடியில் மாதம் ஒருமுறை கால் கிராம் 19:19:19 கரைத்து வேரில் தெளிக்கலாம். மாமரத்துக்கு மருந்தடிக்கும் நாளில் ஆர்க்கிட் வேரைச் சாக்குப் போட்டு மூடிவையுங்கள். காட்டிலிருந்து பிடுங்கி வந்து மரத்தில் கட்டாதீர்கள், அது சட்டப்படி குற்றம். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. நம் மலைகளின் வகைகளைப் பார்க்க அங்கே போகலாம்.